தண்ணீரில் இறக்கிய பிறகு ஐந்து வருடம் என்ன செய்தார்கள்? நீலகிரி வகை ஃபிரிகேட்டுகள் பற்றி

காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) படிக்கிற ஒரு தம்பி கேட்டது இது: "ஏழு நீலகிரி வகை ஃபிரிகேட் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) கட்ட 2015-லேயே ஒப்பந்தம் போட்டாச்சு. முதல் கப்பலை 2019-ல் தண்ணீரில் இறக்கிட்டாங்க. கடற்படையில் சேர்ந்தது 2025-ல். நடுவில் ஐந்து வருஷம் கப்பல் சும்மா மிதந்துக்கிட்டா இருந்துச்சு? மற்ற கப்பல்களும் இப்படித்தான் இழுக்குமா? மின்வேதியியல் படிக்கிற எங்களுக்கு அந்த வேலையில் இடம் இருக்கா?"

தம்பி, மூன்றுக்கும் சுருக்கமான பதில்: சும்மா மிதக்கவில்லை. பின்னால் வருகிறவை அவ்வளவு இழுக்கவில்லை. இடம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. நான் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றுக் கோட்டையூருக்குத் திரும்பியவன். இந்த ஏழு கப்பல்களில் நான் வேலை பார்த்ததில்லை. ஆனால் இந்த வகை வேலை எப்படி நடக்கும் என்று தெரியும், அதை வைத்து விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நிலவரம். இதை எழுதுகிற 2025 டிசம்பரில் ஏழில் மூன்று கடற்படையில் சேர்ந்துவிட்டன. நீலகிரி 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் சேர்ந்தது. உதயகிரியும் ஹிம்கிரியும் ஆகஸ்ட் 26 அன்று விசாகப்பட்டினத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. வெவ்வேறு தளங்களில் கட்டிய இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஒரே நாளில் சேர்த்தது அதுதான் முதல் முறை. நான்காவதான தாராகிரியை நவம்பர் 28 அன்று தளம் கடற்படையிடம் ஒப்படைத்துவிட்டது, சேர்ப்பு விழா பாக்கி. மகேந்திரகிரி, துனகிரி, விந்தியகிரி மூன்றும் தளத்தில் இருக்கின்றன. மும்பை மசகான் டாக், கொல்கத்தா கார்டன் ரீச் என்ற இரண்டு கப்பல் தளங்களுக்கு முறையே நான்கு, மூன்று என்று பிரித்துக் கொடுத்த வேலை இது. மொத்த மதிப்பு சுமார் 45,000 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு கப்பல் 6,400 கோடிக்கு மேல் வருகிறது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழில் ஆறு பெயர்கள் பழைய ஃபிரிகேட்டுகளிடமிருந்து வந்தவை. இந்தியாவில் கட்டிய முதல் பெரிய போர்க்கப்பல் என்று சொல்லப்படுகிற பழைய நீலகிரி, 1972 ஜூன் 3 அன்று கடற்படையில் சேர்ந்தது. அதையும் மசகான் டாக்தான் கட்டியது. மகேந்திரகிரி மட்டும் புதுப் பெயர். நம் ஆட்கள் சிலர் அதைத் திருநெல்வேலிப் பக்கம் இஸ்ரோ எஞ்சின் சோதிக்கிற மகேந்திரகிரி என்று நினைத்துப் பெருமைப்படுகிறார்கள். கப்பலுக்கு வைத்தது ஒடிசாவில் இருக்கிற மலையின் பெயரை. பரவாயில்லை, நீலகிரி நம்முடையதுதான்.

சரி, ஐந்து வருடக் கேள்விக்கு வருவோம். நம் ஊர் வீட்டுக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். கீல், அதாவது கப்பலின் அடி முதுகெலும்பு, போடுவது மனை கோலுவது. தண்ணீரில் இறக்குவது நிலை வைப்பது. கடற்படையில் சேர்ப்பது குடிபுகுவது. நிலை வைக்கிற அன்று பங்காளிகள் எல்லோரும் வந்து சாப்பிட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அதற்காக மறுநாள் யாரும் பெட்டி படுக்கையோடு வந்து நிற்பதில்லை. கப்பலைப் பொறுத்தவரை பத்திரிகையில் பெரிய படம் வருவது இறக்குகிற அன்றுதான். அதனால் பார்க்கிறவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது போலத் தெரிகிறது.

இறக்கும்போது கப்பல் எந்த அளவில் இருக்கிறது என்பதற்குத் தாராகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 11 அன்று இறக்கியபோது அதன் எடை சுமார் 3,510 டன். கடலுக்குப் போகும்போது முழுச் சுமையோடு சுமார் 6,670 டன். எரிபொருள், தண்ணீர், குண்டு, ஆட்கள் எல்லாம் அதில் சேரும் என்றாலும், ஏறவேண்டிய சாமான் எவ்வளவு பாக்கி என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும். அந்த இறக்கும் நாளிலேயே இன்னொரு விஷயமும் நடந்தது. பிரிட்டன் ராணி எலிசபெத் இறந்ததற்காக அன்று நாடு முழுக்க அரசுத் துக்கம். விழாவை ரத்து செய்யலாம், ஆனால் கடல் ஏற்றத்தை ஒத்திவைக்க முடியாதே. அதனால் கொண்டாட்டம் இல்லாமல் கப்பலை மட்டும் இறக்கினார்கள்.

இறக்கிய பிறகு நடக்கிற வேலையை வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கப்பல் சுவரோரம் கட்டிக் கிடக்கும். உள்ளே பைப், கேபிள், காற்றுக் குழாய், எஞ்சின், ஜெனரேட்டர், ராடார், ஏவுகணைக் கூடு, சமையலறை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கும். இந்த வகைக் கப்பலில் இரண்டு டீசல் எஞ்சின், இரண்டு எல்.எம்.2500 கேஸ் டர்பைன். நிதானமாகப் போக டீசல், பாய்ந்து போக டர்பைன். இரண்டையும் ஒன்றாக ஓட்டுவதில்லை, கியர் பாக்ஸ் வழியாக ஏதாவது ஒன்றைத்தான் புரொபெல்லரைச் சுழற்றும் தண்டோடு இணைப்பார்கள். டர்பைனுக்கான பாகங்கள் அமெரிக்காவில் இருந்து வரும், பெங்களூரில் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.லில் கோத்து முழுமையாக்குவார்கள்.

அந்தத் தண்டை நேராக நிறுத்துவது தனிப் பாடு. கரையில் தாங்குகட்டைமேல் நிற்கிற கப்பல் ஒரு வடிவம், தண்ணீரில் மிதக்கிற கப்பல் ஒரு வடிவம். கண்ணுக்குத் தெரியாது, அளவுகோலுக்குத் தெரியும். அதனால் கடைசி அளவு கப்பல் மிதக்கும்போதுதான் எடுக்கவேண்டும். அதையும் வெயில் ஏறுமுன் எடுக்கவேண்டும். மேல்தளத்தில் வெயில் பட்டு இரும்பு விரிந்தால் கப்பல் நடுவில் லேசாக முதுகு தூக்கும், அளவு மாறிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு ஃபிளாஸ்க்கில் டீயோடு எஞ்சின் அறைக்குள் இறங்குகிற கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். அந்த நேரத்தில் மேலே கிரேன் நகரக்கூடாது, வெல்டிங் கூடாது, பாரம் ஏற்றக்கூடாது. தளத்தில் மற்ற எல்லாப் பிரிவுக்காரர்களும் எங்களைத் திட்டுவார்கள்.

இன்னொன்று, தடுப்புச் சுவரில் கேபிள் போகிற துளை. கப்பலை நீர் புகாத அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் தண்ணீரோ தீயோ வந்தால் அடுத்த அறைக்குப் போகக்கூடாது. ஆனால் கிலோமீட்டர் கணக்கான கேபிள்கள் அந்தச் சுவர்களைத் துளைத்துக்கொண்டுதான் போயாகவேண்டும். ஒவ்வொரு துளையிலும் ஒரு சட்டம் வைத்து, ஒவ்வொரு கேபிளுக்கும் அதன் பருமனுக்கேற்ற ரப்பர் கட்டையைச் சுற்றிப் பொருத்தி, இறுக்கி மூடுவார்கள். ஒரு சட்டத்துக்குள் முப்பது நாற்பது கேபிள் இருக்கும். எல்லாம் முடித்துக் கையெழுத்தான பிறகு, "ராடாருக்கு இன்னும் ஒரு கேபிள் வேண்டும்" என்று ஒரு காகிதம் வரும். சட்டத்தைப் பிரி, புதுக் கேபிளை விடு, திரும்ப மூடு, திரும்பச் சோதனை செய். ஒரு கேபிளுக்கு ஒரு சுவர் என்றால் பரவாயில்லை, பத்துச் சுவர் தாண்டுகிற கேபிளாக இருந்தால் பத்து இடத்திலும் இதே கதை.

வேலை இழுப்பதன் வேர் இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை, கொரோனா என்பதெல்லாம் உண்டுதான், ஆனால் பெரிய காரணம் வரைபடம். நம் நாட்டில் போர்க்கப்பலை வரைந்துகொண்டே கட்டுகிற பழக்கம் நெடுநாளாக உண்டு. எந்த ராடார், எந்த ஏவுகணை என்று முடிவாகாத நிலையிலேயே இரும்பை வெட்டத் தொடங்கிவிடுவார்கள். 2010-11-ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை ஒன்றில் சி.ஏ.ஜி. (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற தலைமை அதிகாரி) இதைத்தான் சுட்டிக்காட்டியது: ஆயுதம் முடிவாவதில் தாமதம், கட்டத் தொடங்கிய பிறகு வடிவமைப்பில் மாற்றம். ஒரு கருவியை மாற்றினால் அதன் எடை மாறும், அதற்கு வேண்டிய மின்சாரமும் குளிர்ந்த நீரும் மாறும், பக்கத்து அறைப் பைப்பு நகரும். முதல் கப்பலில் இந்த வலி முழுவதையும் பட்டே தீரவேண்டும். நீலகிரி பட்டது.

அப்படியானால் நீலகிரி வகையில் புதிதாக என்ன செய்தார்கள்? கப்பலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பைப், கேபிள் தட்டு, காற்றுக் குழாய் எல்லாவற்றையும் கொட்டகையிலேயே பொருத்திவிட்டு, பிறகு துண்டுகளைச் சேர்த்து வெல்டிங் செய்வது. இந்த முறைக்கு இத்தாலியின் ஃபின்கன்டியேரி நிறுவனத்திடம் தொழில்நுட்ப உதவி பெற்றார்கள். கொட்டகையில் நிமிர்ந்து நின்று, நிழலில், துண்டைத் தலைகீழாகப் புரட்டிக்கூடச் செய்யலாம். அதே வேலையை மிதக்கிற கப்பலில் படுத்துக்கொண்டு, வியர்வை கண்ணில் வழிய, தலைக்குமேல் வெல்டிங் பிடித்துச் செய்தால் மூன்று மடங்கு நேரம் ஆகும். தரமும் குறையும், அந்த வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவன் சொல்கிறேன். ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: துண்டை மூடுமுன் வரைபடம் முடிந்திருக்கவேண்டும். முதல் கப்பலுக்கு அந்த வசதி முழுசாகக் கிடைக்காது. மூன்றாவது, நான்காவது கப்பலுக்குக் கிடைக்கும்.

கிடைத்ததா என்று பார்க்க ஒரே ஒரு கணக்குப் போதும். இறக்கிய நாளுக்கும் ஒப்படைத்த நாளுக்கும் இடையே எத்தனை மாதம் என்று எண்ணிப் பாருங்கள். நீலகிரி 2019 செப்டம்பரில் இறங்கி 2024 டிசம்பரில் ஒப்படைக்கப்பட்டது, ஏறக்குறைய 63 மாதம். கொல்கத்தாவின் முதல் கப்பலான ஹிம்கிரி 2020 டிசம்பரில் இருந்து 2025 ஜூலை வரை, 55 மாதம். மும்பையின் இரண்டாவது கப்பலான உதயகிரி 2022 மே முதல் 2025 ஜூலை வரை, 37 மாதம். தாராகிரி 38 மாதம். மொத்தக் கட்டுமான காலத்திலும் குறைவு தெரிகிறது: நீலகிரிக்கு 93 மாதம், தாராகிரிக்கு 81 மாதம் என்று பாதுகாப்பு அமைச்சகமே கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு தளத்தில் முதல் கப்பலுக்கும் இரண்டாவது கப்பலுக்கும் இடையே இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கிறது என்றால், அந்தத் தளம் பாடம் படித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கப்பல் கட்டுமானச் செய்தி படிக்கும்போது இறக்கும் விழாப் படத்தைத் தாண்டி இந்த இடைவெளியைப் பாருங்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

இரும்பு விஷயத்திலும் முன்னேற்றம் உண்டு. டி.எம்.ஆர். 249ஏ என்ற போர்க்கப்பல் எஃகை ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோக ஆய்வகம் உருவாக்கியது, அரசு எஃகு நிறுவனமான செயில் உருக்கித் தருகிறது. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கு எஃகு வெளிநாட்டில் இருந்து சமயத்துக்கு வராமல் கையைப் பிசைந்த காலத்தில் பிறந்த சமாசாரம் அது. இப்போது உதயகிரிக்கும் ஹிம்கிரிக்கும் சேர்த்துச் சுமார் 8,000 டன் சிறப்பு எஃகை செயில் கொடுத்திருக்கிறது. கப்பலின் மதிப்பில் 75 சதவீதம் உள்நாட்டுப் பொருள் என்கிறார்கள். டர்பைனும் முக்கிய ராடாரும் மற்ற 25 சதவீதத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதையும் மறக்கக்கூடாது.

மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால்? இங்கே நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். இரண்டு கட்சிக்கும் தீனி இருக்கிறது. பிரிட்டனின் டைப் 26 வகையில் முதல் கப்பலான கிளாஸ்கோவுக்கு 2017 ஜூலையில் இரும்பு வெட்டினார்கள். நீலகிரிக்குக் கீல் போட்டது அதே வருடம் டிசம்பரில். நீலகிரி சேவைக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, கிளாஸ்கோ இன்னும் வரவில்லை. அமெரிக்கா கதை இன்னும் மோசம். இத்தாலிக் கப்பல் ஒன்றை அப்படியே எடுத்துக் கொஞ்சம் மாற்றிக் கட்டலாம் என்று 2020-ல் கான்ஸ்டலேஷன் வகைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். கட்டித் தருவது அதே ஃபின்கன்டியேரியின் அமெரிக்கக் கிளை. மாற்றி மாற்றி, மூல வடிவத்தில் கடைசியில் சொற்பம்தான் மிஞ்சியது. வரைபடம் முடியாமலே 2022-ல் கட்டத் தொடங்கினார்கள், எடை ஏறியது, முதல் கப்பல் மூன்று வருடம் பின்தங்கியது. 2025 நவம்பர் 25 அன்று, வேலை நடந்துகொண்டிருக்கிற இரண்டு கப்பல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்வதாக அறிவித்துவிட்டார்கள். தாராகிரி ஒப்படைப்பு அதற்கு மூன்றாம் நாள். வரைந்துகொண்டே கட்டும் வியாதி நமக்கு மட்டும் உள்ளதில்லை என்பது தெரிகிறதா?

ஆனால் இதைப் படித்துவிட்டு மீசையை முறுக்கவேண்டாம். சீனாவின் 054பி வகை முதல் ஃபிரிகேட் 2023 ஆகஸ்டில் தண்ணீரில் இறங்கியது, 2025 ஜனவரி 22 அன்று கடற்படையில் சேர்ந்துவிட்டது. பதினேழு மாதம். அதுவும் வகையின் முதல் கப்பலே. நம்முடைய நல்ல கணக்கு 37 மாதம். அவர்களுக்கு வணிகக் கப்பல் கட்டுகிற தொழில் கடலளவு இருக்கிறது, ஒரே மாதிரிக் கருவிகளை வருடக்கணக்காகத் தாங்களே செய்கிறார்கள், கருவி உரிய நாளில் தளத்துக்கு வந்து சேர்கிறது. நமக்கு அந்த அடித்தளம் இன்னும் மெலிவுதான்.

மீதி மூன்றையும் 2026 ஆகஸ்டுக்குள் ஒப்படைப்பது திட்டம். விந்தியகிரி 2023 ஆகஸ்ட் 17 அன்று இறங்கியது, மகேந்திரகிரி அதே வருடம் செப்டம்பர் 1 அன்று. திட்டப்படி வந்தால் இரண்டுமே 36 மாதத்துக்குள் முடியும், அதாவது உதயகிரியைவிடக் கொஞ்சம் வேகம். எனக்கு அது நடக்கக்கூடியதாகத்தான் படுகிறது, ஒன்றிரண்டு மாதம் முன்பின் ஆனாலும் ஆகலாம். துனகிரி 2022 ஜூலையில் இறங்கியது, இப்போதே 41 மாதம் ஆகிறது. ஆனால் கொல்கத்தாத் தளத்துக்கு அது இரண்டாவது கப்பல், ஹிம்கிரியின் 55-ஐவிட நல்ல கணக்கு வரும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. மின்வேதியியல் படிக்கிறவருக்கு இதில் என்ன வேலை? சுவரோரம் மூன்று வருடம் கட்டிக் கிடக்கிற கப்பலை உப்புத் தண்ணீர் தின்னாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும் 'திரி மின்னோட்ட அரிப்பு' (பாதை தவறித் திரிகிற மின்னோட்டம் இரும்பை அரிப்பது) தளத்தில் எப்படி வரும் என்று சொல்கிறேன். வெல்டிங் மெஷின் கரையில் இருக்கும், வெல்டர் கப்பலுக்குள் இருப்பார். மின்னோட்டம் திரும்பிப் போக எர்த் கேபிளைக் கப்பலிலேயே, வெல்டிங் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாட்டவேண்டும். சோம்பல்பட்டுக் கரையில் உள்ள இரும்புத் தூணில் மாட்டிவிட்டால், மின்னோட்டம் கப்பல் உடம்பில் இருந்து தண்ணீருக்குள் இறங்கிக் கரைக்குப் போகும். அது வெளியேறுகிற இடத்தில், குறிப்பாகப் பெயின்ட் கீறிய இடத்தில், இரும்பு கரையும். நான் இருந்த தளத்தில் ஒருமுறை கப்பலை உலர்துறையில் (தண்ணீரை வடித்துவிட்டு அடிப்பாகத்தைப் பார்க்கிற தொட்டி) ஏற்றிப் பார்த்தபோது விரல் நுனி பதிகிற அளவுக்குக் குழிகள் வரிசையாக இருந்தன. அத்தனை குழிக்கும் ஒரு கேபிள்தான் காரணம். அதன்பிறகு தினமும் காலையில் எர்த் கேபிளைச் சுற்றிப் பார்க்கவே ஓர் ஆளைப் போட்டார்கள்.

கடலில் ஓடும்போது கப்பல் உடம்புக்கு வெளியில் இருந்து மின்னோட்டம் கொடுத்து அரிப்பைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு, அதை நீங்கள் படித்திருப்பீர்கள். போர்க்கப்பலில் அதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. வெண்கல புரொபெல்லருக்கும் இரும்பு உடம்புக்கும் இடையே ஓடுகிற மின்னோட்டம் தண்ணீரில் ஒரு மின்புலத்தை உண்டாக்கும், கடல் கண்ணிவெடியால் அதை மோப்பம் பிடிக்க முடியும். ராடாரில் சிறிதாகத் தெரியவேண்டும் என்று மேற்பாகத்தைச் சாய்த்துச் சாய்த்து வடிவமைத்த கப்பல், தண்ணீருக்கடியில் இப்படிக் காட்டிக்கொடுத்துவிட்டால் என்ன பயன்? அந்த மின்னோட்டத்தை எங்கே, எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போடுவது உங்கள் படிப்புக்காரர்கள் வேலை.

அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறந்த நிறுவனத்துக்குள் உட்கார்ந்துகொண்டு "எங்களுக்கு இடம் இருக்கா" என்று கேட்கிறீர்களே, அதுதான் எனக்குச் சிரிப்பு. உலோக அரிப்பு ஆய்வு அங்கே தொடக்கத்தில் இருந்தே நடக்கிறது. மண்டபத்தில் உங்கள் நிறுவனத்துக்கே கடல் அரிப்பு ஆய்வு நிலையம் இருக்கிறது. விடுமுறையில் ராமேஸ்வரம் போகிற வண்டியில் ஏறி, உங்கள் பேராசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அங்கே போங்கள். கடலில் தொங்கவிட்ட உலோகத் தகடுகளில், முழுக்க மூழ்கியதையும் அலைத் துளி தெறிக்கிற உயரத்தில் உள்ளதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெறிப்புப் படுகிறதுதான் அதிகம் அரித்திருக்கும். ஏன் என்று உங்களுக்கே விளக்கத் தெரிந்தால், மும்பை அருகே அம்பர்நாத்தில் உள்ள கடற்படைப் பொருள் ஆய்வகத்துக்கும் கப்பல் தளங்களின் பெயின்ட், அரிப்புத் தடுப்புப் பிரிவுகளுக்கும் தைரியமாக விண்ணப்பம் போடலாம். வெல்டிங் தெரிந்த ஆள் தளத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், இது தெரிந்தவர்கள் குறைவு.